கப்பலில் நடுங்கிய பாதிரியார்

1736-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி, மாலை நேரம். அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஒரு பாய்மரக் கப்பல் தத்தளித்துக் கொண்டிருந்தது. இங்கிலாந்தில் இருந்து அமெரிக்காவுக்குப் போகும் கப்பல் அது.

அதில் 26 ஜெர்மானியர்கள் இருந்தார்கள். மொரேவியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அன்று அவர்கள் கூடி சங்கீதம் பாடத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பேரலை கப்பல் மீது மோதியது. பெரிய பாய் துண்டு துண்டாகக் கிழிந்தது. தண்ணீர் உள்ளே கொட்டியது.

ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். ஜெர்மானியர்களோ தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். பாட்டை நிறுத்தவில்லை!

இதைப் பார்த்து ஒரு பாதிரியார் திகைத்தார். அவருக்கு வயது 32. மற்றவர்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டிய அவரே, அந்தப் பயணத்தில் புயல் வந்த போதெல்லாம் சாவுக்குப் பயந்து நடுங்கினார். அவர்தான் ஜான் வெஸ்லி.

புயல் ஓய்ந்ததும், பயமாக இல்லையா என்று ஒரு ஜெர்மானியரிடம் கேட்டார். இல்லை என்றார் அவர். பெண்களும் பிள்ளைகளும் கூடவா பயப்படவில்லை என்று கேட்டார். அவர்களும் சாவுக்குப் பயப்பட மாட்டார்கள் என்று பதில் வந்தது.

இளமை

வெஸ்லி 1703-ல் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். தந்தையும் பாதிரியார்தான். அந்த வீட்டில் 19 குழந்தைகள் பிறந்தன. பிழைத்தவர்கள் 10 பேர். வெஸ்லிக்கு 5 வயதாக இருந்தபோது வீடு தீப்பற்றியது. ஒருவர் தோள் மீது இன்னொருவர் ஏறி, மாடி ஜன்னல் வழியாக அவரை வெளியே தூக்கினார்கள். உடனே கூரை இடிந்து விழுந்தது.

ஆக்ஸ்போர்டில் படித்தார். வாரம் இரண்டு நாள் விரதம் இருந்தார். சிறைக்குப் போய்க் கைதிகளுக்கு ஆறுதல் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்ததால், அவரையும் நண்பர்களையும் மெதடிஸ்டு என்று கேலி செய்தார்கள். கேலிப் பெயரே பிறகு ஒரு சபையின் பெயர் ஆயிற்று!

தோல்வி

அமெரிக்காவில் ஜார்ஜியாவில் அவருடைய ஊழியம் நன்றாக நடக்கவில்லை. அவர் விரும்பிய பெண் வேறு ஒருவரை மணந்தாள். பின்னர் அவளுக்கு நற்கருணை கொடுக்க வெஸ்லி மறுத்தார். சபை விதியைக் காரணம் காட்டினார். ஊர் அதை நம்புமா? வழக்கு வந்தது. 1737 டிசம்பரில் அங்கிருந்து புறப்பட்டு விட்டார்.

மனம் உடைந்து லண்டனுக்கு வந்தார். அங்கே பீட்டர் போலர் என்ற மொரேவியரைச் சந்தித்தார். போலர் வெஸ்லியைவிட 9 வயது இளையவர். தனக்கே விசுவாசம் இல்லாதபோது பிரசங்கம் செய்யலாமா என்று வெஸ்லி கேட்டார். நிறுத்த வேண்டாம், விசுவாசம் வரும் வரை விசுவாசத்தைப் பற்றியே பேசும்படி போலர் சொன்னார். வெஸ்லி முதலில் பேசியது, மரண தண்டனை பெற்ற ஒரு கைதியிடம். பயம் நீங்கிய சிலரையும் போலர் அழைத்து வந்தார். தங்கள் அனுபவத்தை அவர்களே வெஸ்லியிடம் சொன்னார்கள்.

1738 மே 24-ந் தேதி இரவு, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். வெஸ்லி மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக் கொண்டிருந்தார். மணி ஒன்பது ஆகக் கால் மணி நேரம் இருந்தது. வெஸ்லியின் நெஞ்சுக்குள் ஒரு கதகதப்பு பரவியது. கிறிஸ்து தன் பாவத்தையும் நீக்கிவிட்டார் என்ற உறுதி பிறந்தது.

பயம் அன்றோடு ஓடிவிடவில்லை. சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஆனால் வெஸ்லி நிற்கவில்லை. 1739-ல் பிரிஸ்டலில் திறந்த வெளியில் பேசத் தொடங்கினார். நிலக்கரித் தொழிலாளர்கள் திரண்டு வந்தார்கள். சில ஊர்களில் கல்லால் அடித்தார்கள். 50 ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போனார், பெரும்பாலும் குதிரை மீது. சிறு சிறு குழுக்களை அமைத்தார். வாரந்தோறும் கூடி, ஒருவர் கஷ்டத்தை ஒருவர் கேட்டுத் தேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு.

1791 மார்ச் 2-ந் தேதி 87-வது வயதில் இறந்தார். அதற்கு 6 நாள் முன்பு ஒரு கடிதம் எழுதினார். அடிமை வியாபாரத்தை ஒழிக்க இங்கிலாந்துப் பார்லிமெண்டில் போராடிய வில்பர்போர்சுக்கு எழுதிய கடிதம் அது. எதிர்ப்பைக் கண்டு தளர வேண்டாம் என்று அதில் தைரியம் சொல்லியிருந்தார். 1807-ல் அந்த வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.