வெள்ளத்தோடு ஒரு பந்தயம்

கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கலன்று ஒரு வெள்ளைக்காரரையும் நினைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். அவர்தான் பென்னிகுயிக்.

1841 ஜனவரி 15-ல் புனாவில் பிறந்தவர். ராணுவ எஞ்சினீயர்.

1876-78 பெரும் பஞ்சத்தில் மதுரைச் சீமை வாடியது. மலைக்கு அப்பால் பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலந்தது. அதை அணையால் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்ப வேண்டும். 1887-ல் வேலை தொடங்கியது.

சுற்றிலும் அடர்ந்த காடு. மலேரியாவும் காலராவும் கூலியாட்களை வாரிக்கொண்டு போயின. வெள்ளம் வந்து, கட்டியதை அடித்துச் சென்றது.

இனியும் பணம் போடுவதா? விட்டுவிடுவதா?

சீட்டாட்டத்தில் கடைசிச் சீட்டு விழுந்தபின் எதிராளி பெருந்தொகை கட்டினால் எழும் கேள்வியும் இதுவே. விட்டதைப் பிடிக்கக் கட்டுகிறவன் கெடுவான். இனிப் போடுவது எவ்வளவு, வந்தால் வருவது எவ்வளவு, வர வழியுண்டா என்று கணக்குப் பார்ப்பவனே பிழைப்பான்.

அணை நின்றால் வறண்ட வயல்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர்! வெள்ளம் வடிந்ததும் வேலை மீண்டும் நடந்தது.

பென்னிகுயிக் தம் சொத்தை விற்றுக் கட்டினார் என்பது செவிவழிக் கதை. அணைக்குச் செலவிட்டது அரசாங்கம். அவர் தந்தது அறிவும் விடாமுயற்சியும்.

கல்லும் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்ந்து அணை எழுந்தது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். பெரியாற்றுத் தண்ணீர் வைகையில் சேர்ந்தது.

1911-ல் பென்னிகுயிக் காலமானார். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

பந்தயம் வென்றது. ஆனால் அதில் உயிரையே பணயமாகக் கொடுத்தவர்கள் அந்தக் கூலியாட்கள். பொங்கல் பானை பொங்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.