மண்ணுக்குள்ள தண்ணி எவ்ளோ வேகமா போகும்? கணக்கு சொன்ன குழாய் இன்ஜினீயர்!

மாடித்தோட்டத்துல ரெண்டு தொட்டி இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணுல ஆத்து மணல், இன்னொண்ணுல களிமண். ரெண்டுலயும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்துங்க. மணல்ல ஊத்தினது சட்டுனு கீழ வந்துடும். களிமண்ல மேலேயே குளம்கட்டி நிக்கும். இது உங்க பாட்டிக்கே தெரியும். ஆனா, அந்த வேகத்தைக் கணக்கு போட்டுச் சொல்ல ஒரு சூத்திரம் கிடைச்சது 1856-லதான். கொடுத்தவர் விவசாயியும் இல்லை, மண் விஞ்ஞானியும் இல்லை. ஊருக்குக் குடிதண்ணிக் குழாய் போட்ட ஒரு பிரெஞ்சு இன்ஜினீயர், ஹென்றி டார்சி.

பிறந்தது 1803-ல, பிரான்ஸின் டிஜோன் நகரத்துல. 14 வயசுலயே அப்பா தவறிட்டார். அம்மா கஷ்டப்பட்டுப் படிக்கவெச்சாங்க. பாரிஸ்ல பெரிய கல்லூரிகள்ல படிச்சுட்டு, அரசு இன்ஜினீயரா சொந்த ஊருக்கே திரும்பினார்.

அப்போ டிஜோன்ல தண்ணி நிலைமை படுமோசம். ஊருக்குள்ள ஓடின சூஸோன் ஆறு கிட்டத்தட்ட சாக்கடை. கிணறுகளும் அசுத்தம். டார்சி என்ன பண்ணார் தெரியுமா? 12 கிலோமீட்டருக்கும் மேல தள்ளியிருந்த ரோஸ்வார் ஊற்றுலேர்ந்து மூடின கால்வாய் கட்டினார். பம்ப் கிடையாது, மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு தண்ணி தானா ஓடி வரணும், அவ்ளோதான். 1840-ல ஊருக்குள்ள தண்ணி வந்துடுச்சு. தெருக்கள்ல சுமார் 100 மீட்டருக்கு ஒரு குழாய். பாரிஸுக்கு தூரத்து ஊற்றுத்தண்ணி வந்து சேர்ந்ததே அதுக்குப் பல வருஷம் கழிச்சுதான்! இந்த வேலைக்கு வரவேண்டிய பெரிய தொகையை வேண்டாம்னுட்டார். தங்கப் பதக்கம் ஒண்ணு கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டார்.

இவ்வளவு செஞ்சவரை 1848 புரட்சிக்கு அப்புறம் அரசியல் காரணத்துக்காக ஊரைவிட்டே மாத்திட்டாங்க. கொஞ்ச நாள்லயே பாரிஸ்ல தண்ணி, சாலைப் பொறுப்பு கிடைச்சது. பெரிய பதவிதான். ஆனா, உடம்பு ஒத்துழைக்கலை. 1855-ல பொறுப்பை விட்டுட்டு, ஆராய்ச்சி பண்றேன்னு டிஜோனுக்கு வந்துட்டார். நம்மில் பலர் ரெஸ்ட் எடுக்கிற கட்டம் அது.

அவருக்கு ஒரு நடைமுறைக் கேள்வி இருந்துச்சு. தண்ணியை மணல்ல வடிகட்டினா எவ்வளவு நேரத்துல எவ்வளவு கிடைக்கும்? ஊர் ஆஸ்பத்திரி வளாகத்துல, ஆள் உயரத்தைவிட உயரமான ஒரு குழாயை நிமிர்த்தி வெச்சார். உள்ள சோன் ஆத்து மணல். மேலயும் கீழயும் அழுத்தம் பார்க்கிற பாதரசமானி. இதுல ஒரு வேடிக்கை... ஆஸ்பத்திரியில யாராவது குழாயைத் திறந்தா போதும், பாதரசம் ஆட ஆரம்பிச்சுடும். அந்தத் தொல்லைக்கு நடுவுலதான் அளந்தார்.

கிடைச்ச விடை ரொம்ப எளிமை. மேலயும் கீழயும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் ரெண்டு மடங்கானா, தண்ணி ரெண்டு மடங்கு போகும். மணல் நீளம் ரெண்டு மடங்கானா, பாதிதான் போகும். மிச்சமெல்லாம் அந்தந்த மண்ணோட குணம், அதுக்கு ஒரு எண். மணலுக்குப் பெரிய எண், களிமண்ணுக்குக் குட்டி எண்.

அந்த எண்ல என்ன இருக்குன்னு கேக்குறீங்களா? உவர் நிலத்துக்குப் போங்க. உப்பைப் போக்க, நல்ல தண்ணி விட்டு அதை வேருக்குக் கீழ இறக்கணும். களர் மண்ல அது நடக்காது. சோடியம் சேர்ந்து களித்துகள்கள் பிரிஞ்சு, ஊதி, துளைகளை அடைச்சுடும். டார்சியோட எண் சரிஞ்சுடும். எவ்வளவு தண்ணி கட்டினாலும் மேலேயே நிக்கும். அதனாலதான் முதல்ல ஜிப்சம் போடச் சொல்றாங்க. அதுலேர்க்கிற கால்சியம் சோடியத்தை விரட்டினா துளை திறக்கும், அப்புறம்தான் தண்ணி இறங்கும்.

டார்சி பார்த்தது முழுசா நனைஞ்ச மணலை மட்டும்தான். பாதி காய்ஞ்ச மண்ணுக்கும் பொருந்துற மாதிரி 1931-ல அதை விரிச்சவர் அமெரிக்காவின் ரிச்சர்ட்ஸ். உவர், களர் மண்ணுக்கான புகழ்பெற்ற கையேட்டை 1954-ல தொகுத்தவரும் அவரேதான்!

இத்தனைக்கும் அந்தச் சூத்திரம், டிஜோன் குடிநீர் பத்தி டார்சி எழுதின 600 பக்கத்துக்கும் மேற்பட்ட புத்தகத்துல ஒரு பின்னிணைப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அது வந்த ரெண்டே வருஷத்துல, 1858 ஜனவரியில, பாரிஸ் போன இடத்துல நிமோனியா வந்து இறந்துட்டார். வயசு 54. உடலை டிஜோனுக்குக் கொண்டுவந்தாங்க. தண்ணி வந்து சேர்ந்த சதுக்கத்துக்கு அவர் பேரை வெச்சாங்க.

இன்னிக்கு அங்க ஒரு பூங்கா இருக்கு, வாசல்ல வெள்ளைக்கரடி சிலையோட. கரடிகூட செல்ஃபி எடுத்துட்டு உள்ள போறவங்க நடக்கிறது, டார்சி கட்டின நீர்த்தொட்டி மேலதான்.