சாட்செல் பேஜ்: முகவர்கள் கண்டும் எடுக்காத கை

1936ஆம் ஆண்டு பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஒரு பேஸ்பால் காட்சி ஆட்டம் நடந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணி வாங்கியிருந்த ஜோ டிமாஜியோ என்ற இளம் மட்டையாளர் மேல்மட்டப் போட்டிகளுக்குத் தேறுவாரா என்பதை அறிய அவ்வணி விரும்பியது. எதிரில் பந்து வீசியவர் சாட்செல் பேஜ். பத்தாவது இன்னிங்ஸ்வரை திணறிய டிமாஜியோ இறுதியில் ஒரே ஒரு முறை பந்தைச் சரியாக அடித்தார். பேஜின் பந்தில் நான்கில் ஒன்றை அடித்துவிட்டார், இனி ஐயமில்லை என்ற பொருளில் யாங்கீஸ் முகவர் தந்தி அனுப்பியதாகச் சொல்வார்கள். மட்டையாளரை அளந்த கோல் பேஜ். அந்தக் கோலை விலைக்குக் கேட்க எந்த முகவருக்கும் அதிகாரம் இல்லை. பேஜ் கறுப்பினத்தவர்.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்துவீச்சாளர்களைக் கண்டெடுப்பதும் இம்முகவர்களின் தொழில். சிற்றூர்த் திடல்களிலும் ஆலை அணிகளிலும் பதினேழு, பதினெட்டு வயது இளைஞர்களைத் தேடி அலைவார்கள். பந்தின் வேகம், குறி தவறாமை, உயரம், நீண்ட கை, ஒன்பது இன்னிங்ஸ் தாங்கும் உடல் ஆகியவற்றையே பார்ப்பார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒல்லியான பேஜிடம் இவை அனைத்தும் இருந்தன.

அவர் 1906 ஜூலை 7 அன்று அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் பிறந்தார். தாய் லூலா துணி வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்ததால்தான் பையைக் குறிக்கும் சாட்செல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பது பரவலான கதை. 1918இல் சிறு பொருட்களைத் திருடியதற்காகவும் பள்ளிக்குப் போகாததற்காகவும் மவுண்ட் மெய்க்ஸ் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அப்போது வயது பன்னிரண்டு. ஐந்தாண்டுகளுக்கும் மேல் அங்கே அடைபட்டிருந்தார். விளையாட்டுப் பொருட்களுக்காக ஒரு குழந்தையின் ஐந்தாண்டுகளைப் பறித்த அத்தீர்ப்பை வழக்கறிஞர் என்ற முறையில் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. ஆயினும் இடது காலை வானுக்கு உயர்த்திப் பந்தை மறைத்து வீசும் முறையை அங்கிருந்த பயிற்சியாளர் எட்வர்ட் பைர்டிடம்தான் அவர் கற்றார்.

வெளியே வந்ததும் உள்ளூர் அணியில் ஆடினார். 1926இல் சட்டனூகா நகரின் கறுப்பின அணிக்காக அலெக்ஸ் ஹெர்மன் அவரை ஒப்பந்தம் செய்தார். அதாவது, முறையான தேடலில் அவரைக் கண்டெடுத்தவர்கள் அவருடைய மக்களே. பிறகு பர்மிங்காம், பிட்ஸ்பர்க், கேன்சஸ் சிட்டி என நீக்ரோ லீக் அணிகளில் ஆடினார். இடையில் சர்வாதிகாரி ட்ருஹியோவின் டொமினிக்கன் குடியரசுக்கும் 1937இல் போய் வந்தார்.

1884இல் வாக்கர் சகோதரர்கள் ஆடிய பிறகு 1947வரை மேல்மட்டப் போட்டிகளில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. ஆனால் விதிநூலில் அப்படியொரு தடை எழுதப்படவில்லை. உரிமையாளர்களின் வாய்மொழி உடன்பாடே போதுமானதாக இருந்தது. எழுதிய சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். எழுதப்படாததைப் பொறுத்தவரை, அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே முதலில் நிறுவ வேண்டும். தீண்டாமை வழக்குகளை நடத்துவோர்க்கு இது புதிய செய்தியன்று.

1945இல் புரூக்ளின் அணியின் பிராஞ்ச் ரிக்கி அச்சுவரை உடைக்க முற்பட்டபோது, கேன்சஸ் சிட்டியில் பேஜுடன் ஆடிய ஜாக்கி ராபின்சனைத் தேர்ந்தெடுத்தார். ராபின்சனுக்கு 26 வயது, பேஜுக்கு 39. அந்த வலி அவரை நெடுநாள் விடவில்லை.

1948 ஜூலையில், 42ஆம் பிறந்தநாளன்று, கிளீவ்லாண்ட் அணிக்காக பில் வீக் அவரை ஒப்பந்தம் செய்தார். அதற்கு முன் பதின்பருவத்தினரைப் போல வீசிக்காட்டும் தேர்வுக்கு அவரை உட்படுத்தினார்கள். இருபதாண்டுகளுக்கு மேலாக நாடறிந்த ஒருவருக்கு இத்தேர்வு! விளம்பரத்துக்காகக் கிழவரைச் சேர்த்ததாகப் பத்திரிகையாளர் ஸ்பிங்க் சாடினார். பேஜ் அப்பருவத்தில் ஆறு வென்று ஒன்றே தோற்றார். ஆகஸ்ட் 20 இரவு அவரைக் காண வந்தோர் 78,382 பேர். அவ்வாண்டு வாகையும் கிளீவ்லாண்டுக்கே. 1965இல் 59 வயதில் பாஸ்டனுக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு அடியைத்தான் விட்டுக்கொடுத்தார்.

1971இல் புகழரங்கில் அவருக்கு இடம் அறிவிக்கப்பட்டது. நீக்ரோ லீக் வீரர்களுக்கென ஒதுக்கிய தனிப்பிரிவில்! கண்டனம் எழுந்த பின்னரே முழு உறுப்பினர் ஆக்கினார்கள். 1982 ஜூன் 8 அன்று கேன்சஸ் சிட்டியில் காலமானார்.

2024இல் நீக்ரோ லீக் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. ஓக்லாந்து போன்ற காட்சி ஆட்டங்கள் அதில் இல்லை.