ஆர்தர் காட்டன்: கீழணை கட்டியவருக்கும் வீராணத்தில் சேரும் மண்ணுக்கும் என்ன தொடர்பு?

காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் வயலுக்குத் தண்ணீர் வருதுன்னா, அதுக்குப் பின்னால் அணைக்கரையில் உள்ள கீழணை இருக்கு. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் அதைக் கட்டியவர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. 2004 முதல் அங்கிருந்து சென்னைக்கும் குடிநீர் போகிறது. ஆனால் ஏரிக்கு வருவது தண்ணீர் மட்டும் இல்லை, அதோடு மண்ணும் வருகிறது. ஆற்று மணலோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய காட்டனின் வாழ்க்கையைப் பார்த்தால், இந்தப் பிரச்சினை எளிதாகப் புரியும்.

யார் இந்த காட்டன்?

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். வீட்டில் பதினோரு ஆண் பிள்ளைகள், இவர் பத்தாவது. அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் படித்துவிட்டு, 1821-ல் பதினெட்டு வயதில் சென்னை வந்து பொறியாளர் படையில் சேர்ந்தார். ஆரம்பத்தில் பாம்பன் நீர்வழியை அளக்கும் வேலை. அதன் பிறகுதான் காவிரிப் பாசனத்தின் பக்கம் வந்தார்.

காவிரியில் அப்போது என்ன சிக்கல்?

திருச்சி முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் நேராக, சரிவாக, பள்ளமாக ஓடும். காவிரிப் பக்கம் ஓட்டம் மெதுவாக இருந்ததால் வண்டல் படிந்து படுகை மேடாகிக்கொண்டே போனது. விளைவு, தண்ணீரில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போனது. தஞ்சை வயல்கள் காய்ந்தன.

காட்டன் கல்லணையைக் கூர்ந்து படித்தார். பாறை அடித்தளமே இல்லாமல், வெறும் மணல் மேல் ஒரு அணை எப்படிப் பல நூற்றாண்டுகள் நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டார். அந்தப் பாடத்தை வைத்துத்தான் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார்.

சரி, கீழணை எதுக்கு?

மேலே தடுத்தால் கீழே குறையும். கொள்ளிடத்தை நம்பியிருந்த அன்றைய தென்னாற்காடு, அதாவது இன்றைய கடலூர் மாவட்டப் பகுதி வயல்களுக்குத் தண்ணீர் போதாமல் போயிருக்கும். அதைச் சரிக்கட்டத்தான் கீழணை. மேலணையோடு சேர்த்தே யோசித்துக் கட்டப்பட்டது.

ஆனால் மணல் அவ்வளவு லேசில் விடவில்லை. மேலணை வந்த பிறகு நிலைமை தலைகீழானது. காவிரியில் ஓட்டம் கூடிப் படுகை அரிக்கத் தொடங்கியது, கொள்ளிடத்தில் மணல் சேர்ந்தது. 1840-களில் மேலணையின் நடுப்பகுதி உயரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. தண்ணீரைத் திருப்பினால் மண்ணும் கூடவே திரும்பும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பிறகு என்ன செய்தார்?

இங்கே கற்றதை கோதாவரிக்குக் கொண்டுபோனார். தவளேஸ்வரத்தில் 1847-ல் தொடங்கிய அணை 1852-ல் முடிந்தது. 1861-ல் சர் பட்டம் கிடைத்தது. ரயிலுக்குச் செலவழிப்பதைவிடக் கால்வாய்களுக்குச் செலவழிக்கலாம் என்று கடைசி வரை வாதாடினார், அரசு ஏற்கவில்லை. 1899 ஜூலை 24-ல், 96 வயதில் இங்கிலாந்தில் காலமானார். ஆந்திராவில் அவருக்குச் சிலைகள் உண்டு. கடலூர் மாவட்டத்தில் அவர் பேர் தெரிந்தவர்கள் குறைவு, அவர் அணையால் பாசனம் பெறுபவர்கள் அதிகம்.

வீராணத்துக்கு மண் எங்கிருந்து வருது?

ஏரியின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, முழு மட்டம் 47.50 அடி. வடவாறு போக, அரியலூர், ஜெயங்கொண்டம் மேட்டுப் பகுதியில் பெய்யும் மழையும் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக ஏரிக்கு வருகிறது. அணையில் மதகு இருக்கு. மேட்டு நிலத்தில் அடிக்கிற மழைக்கு மதகு ஏது?

ஒரு நாளில் 60 மி.மீ. மழை என்றால், அது நாள் முழுக்கத் தூறினால் மண்ணில் ஊறிவிடும். அதே 60 மி.மீ. ஒரு மணி நேரத்தில் கொட்டினால், பெரிய துளிகள் வேகமாக விழுந்து மேல்மண்ணை உடைத்து ஓடைக்குத் தள்ளும். தினமும் நாம் படிக்கும் மழை அளவுப் பட்டியல் காலை 8.30 வரையிலான மொத்தக் கணக்கு. எவ்வளவு பெய்தது என்று அது சொல்லும், எவ்வளவு வேகமாகப் பெய்தது என்று சொல்லாது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 480 மி.மீ.க்கு மேல் பெய்தபோது, பண்ருட்டி பக்கம் விசூர், பெரியகாட்டுப்பாளையம் கிராமங்களை ஓடை வெள்ளம் சூறையாடியது நினைவிருக்கலாம்.

செயற்கைக்கோள் இதை எப்படி அளக்கும்?

அமெரிக்க ஆய்வாளர்கள் விஷ்மெயரும் ஸ்மித்தும் 1960-களில் பிரபலமாக்கிய கணக்கு இதுதான்: ஒரு மழையின் மொத்த ஆற்றலை, அதில் மிக வலுவாகப் பெய்த 30 நிமிடத்தின் வேகத்தால் பெருக்கணும். ஆண்டு முழுக்க வந்த பலத்த மழைகளுக்கு இப்படிக் கூட்டினால் கிடைப்பது மழையின் அரிப்புத் திறன். அதோடு மண் வகை, சரிவு, பயிர் மூடாக்கு ஆகியவற்றைச் சேர்த்தால் எவ்வளவு மண் போகும் என்று மதிப்பிடலாம்.

இதுக்கு அரை மணிக்கு ஒரு முறை தரவு வேணும். பெரும்பாலான ஊர்களில் அது கிடையாது. நாசாவும் ஜப்பானிய விண்வெளி நிறுவனமும் 2014-ல் ஏவிய ஜிபிஎம் செயற்கைக்கோளின் தரவோடு மற்ற செயற்கைக்கோள்களின் தரவையும் சேர்த்து, அரை மணிக்கு ஒரு மழை வரைபடம் தயாராகிறது. யார் வேணும்னாலும் இலவசமாக எடுக்கலாம். ஒரு குறை: ஒவ்வொரு கட்டமும் சுமார் 11 கி.மீ. அகலம். ஒரே கிராமத்தில் கொட்டிய மழை, கட்டத்தின் சராசரியில் கரைந்து குறைவாகத் தெரியும். அதனால் தரையில் உள்ள மழைமானியோடு ஒப்பிட்டுத் திருத்தணும்.

ஏன் இது முக்கியம்?

வீராணத்தைத் தூர்வாரணும் என்பது விவசாயிகளின் நீண்ட நாள் கோரிக்கை. தூர்வாரினாலும் மேட்டிலிருந்து மண் வந்துகொண்டே இருந்தால் செலவு வீண். எந்தச் சரிவில் மழை அதிகமாக அரிக்கிறது என்று தெரிந்தால், அங்கே வரப்பு உயர்த்தலாம், ஓடையில் தடுப்பணை கட்டலாம், அக்டோபருக்கு முன்பே நிலத்தில் பயிர் மூடாக்கு இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். ஏரிக்குள் வந்த மண்ணை அள்ளுவதைவிட, வயலிலேயே நிறுத்துவது மலிவு. அந்த மண் விவசாயிக்கும் மிஞ்சும்.