வால்வெள்ளியைப் பார்க்கப்போய் அயலவரைக் கண்ட குருவானவர்



வைகாசி மாதத்து இரவொன்றில் நாரந்தனை வெளியில் நின்று தெற்கே நோக்கியிருக்கிறீர்களா? பனைகளுக்கு அப்பால், அடிவானத்தை அண்டியபடி தென்சிலுவை நிற்கும். அதன் கிழக்கே பிரகாசமான இரு விண்மீன்கள் அதைச் சுட்டிக்காட்டி நிற்கும். அவற்றுள் சிலுவைக்குத் தொலைவில் உள்ளதன் பெயர் அல்பா சென்டாரி. அது வெறுங்கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். ஆனால் அது ஒன்றல்ல. இந்த உண்மையை உலகிற்கு அறிவித்தவர் நம் கடலுக்கு அக்கரையில், புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு குருவானவர்.

அவர் பெயர் ழான் ரிஷோ. 1633இல் பிறந்த பிரெஞ்சு யேசுசபைத் துறவி. கணிதமும் வானியலும் கற்ற அவர், 1687இல் மன்னன் பதினான்காம் லூயி சீயம் நாட்டுக்கு அனுப்பிய யேசுசபையினர் பதினால்வரில் ஒருவராகக் கப்பலேறினார். சீயம் மன்னன் நாராய் வானியலில் பேரார்வம் கொண்டவன். 1688 சித்திரை 30ஆம் நாள் சூரிய கிரகணத்தை யேசுசபையினரோடு சேர்ந்து நோக்கியவன். அங்கே பெரிய வேலைகள் நடக்கும் என எல்லாரும் நம்பியிருந்தனர்.

ஆனால் அதே ஆண்டில் அரண்மனைப் புரட்சி வெடித்தது. மன்னன் இறந்தான், பிரெஞ்சுக்காரர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஐம்பத்தைந்து வயதளவில், வந்த நோக்கம் சிதைந்த நிலையில், ரிஷோ அடிகள் புதுச்சேரியை வந்தடைந்தார். எண்ணிப்பாருங்கள், வாசகரே! நம்மில் எத்தனை பேர் இந்நிலையில் மனம் சோர்ந்து கைகட்டி இருந்துவிடுவோம்? அவரோ தம் தொலைகாட்டியைக் கைவிடவில்லை.

1689 மார்கழியில் விடியுமுன் தென்கீழ் வானில் ஒரு வால்வெள்ளி எழுந்தது. அக்காலத்தில் வால்வெள்ளி என்றாலே அரசனுக்குக் கேடு, நாட்டுக்குப் பஞ்சம் என உலகெங்கும் மக்கள் அஞ்சினர். அது பனிக்கட்டியும் தூசும் சேர்ந்த பிண்டம் என்பதும், சூரியனை நெருங்க வெப்பத்தால் ஆவியாகி வால் நீள்கிறது என்பதும் இன்று நம் பிள்ளைகளும் அறிந்தவை. ரிஷோ அடிகள் அஞ்சவில்லை. வைகறையில் விழித்திருந்து, ஏறக்குறைய 12 அடி நீளத் தொலைகாட்டியால் அது செல்லும் வழியை நோக்கிக் குறித்து வைத்தார்.

அப்படி நோக்கும்போதே அல்பா சென்டாரி அவர் கண்ணில் பட்டது. ஒன்றாகத் தோன்றிய அந்த விண்மீன் அருகருகே நிற்கும் இரண்டு விண்மீன்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். தொலைகாட்டியின் துணையோடு இந்திய மண்ணில் நிகழ்ந்த முதல் வானியல் கண்டுபிடிப்பு இதுவே என வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

அந்நாட்களில் நம் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. ரிஷோ அடிகள் கப்பலேறிய அதே 1687இல் இலங்கை வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார், மாறுவேடத்தில் மக்களுக்கு மறைவாகப் பணியாற்றி வந்தார். எனவே அக்கரையில் ஒரு குருவானவர் நோக்கிய அதே விண்மீன்கள், இக்கரையில் இருளில் நடந்த இன்னொரு குருவானவரின் தலைக்கு மேலும் எழுந்தன.

ரிஷோ அடிகள் 1693இல் புதுச்சேரியிலேயே மரித்தார். அவர் நோக்கிய வால்வெள்ளி சில வாரங்களில் மறைந்துபோயிற்று. இரட்டை விண்மீனோ நிலைத்தது. அவை இரண்டும் ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. 1915இல் அவற்றோடு சேர்ந்த மூன்றாவது சிறு விண்மீனும் கண்டுபிடிக்கப்பட்டது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன்கள் இவையே. அவற்றின் ஒளி நம்மை வந்தடைய நாலாண்டுக்கு மேல் ஆகிறது.

வந்துபோகும் விருந்தாளியைப் பார்க்கச் சென்றவர், என்றும் அருகிலிருக்கும் அயலவரைக் கண்டார். சீயத்தில் கதவு அடைபட்டிராவிட்டால் அவர் அந்தத் தொலைகாட்டியோடு புதுச்சேரிக்கு வந்திருக்க மாட்டார். நாம் வகுத்த வழி தவறிப்போனதென நாம் வருந்தும் வேளையிலும், நம் கையில் எஞ்சியிருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும். பலன் எங்கிருந்து வரும் என்பதை நாம் அறியோம்.

அடுத்த வைகாசியில் உங்கள் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று அந்த விண்மீனைக் காட்டுங்கள். இந்தக் கதையையும் சொல்லுங்கள்.