யார் இந்த பாவலர் வரதராஜன்? ஒரு இடைத்தேர்தலும் பண்ணைப்புரத்து ஆர்மோனியமும்

பண்ணைப்புரம் என்றதும் எல்லோருக்கும் இளையராஜாதான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால் 1960-களில் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த ஊர் பேரைச் சொன்னால், ஜனங்கள் சொல்லும் முதல் பெயர் வேறு. பாவலர் வரதராஜன். இளையராஜாவின் அண்ணன், அப்பா ஒருவர், அம்மா வேறு. சினிமாவில் நடிக்காமல், சினிமாவுக்குப் பாட்டு எழுதாமல் ஒரு மனிதர் மேடைப் பாட்டை மட்டும் வைத்து இத்தனை பேர் வாங்கியது எப்படி?

பதில் தெரிய கொஞ்சம் மலையேற வேண்டும்.

பண்ணைப்புரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். தேவாரம், கோம்பை எல்லாம் பக்கத்தில். கீழே முல்லைப் பெரியாறு தண்ணீரில் விளையும் நெல். மேலே தேயிலை, ஏலக்காய். 1895-ல் பெரியாறு அணை வந்த பிறகு பள்ளத்தாக்கு பச்சையானது உண்மைதான். ஆனால் நிலம் இல்லாதவனுக்கு வேலை மலை மேல்தான் இருந்தது. போடிமெட்டு வழியாகவும், குமுளி வழியாகவும், கம்பம்மெட்டு வழியாகவும் குடும்பம் குடும்பமாக எஸ்டேட்டுக்குப் போனார்கள். ஆள் பிடித்துக் கூட்டிப்போய் வேலை வாங்குபவருக்குப் பேர் கங்காணி. வரதராஜனின் அப்பா ராமசாமியும் தேயிலை எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர்தான். அதனால் லயத்து வீடு எப்படி இருக்கும், அங்கே இருப்பவர்கள் எதற்குச் சிரிப்பார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்பதெல்லாம் இந்தக் குடும்பத்துக்குப் புதுசு இல்லை.

வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஆர்மோனியம் வாசிப்பார், பாட்டுக் கட்டுவார், தானே பாடுவார். அன்றைக்குக் கட்சிக் கூட்டம் என்றால் தலைவர் வந்து பேசுவதற்கு ராத்திரி வெகுநேரம் ஆகிவிடும். அதுவரை கூட்டத்தைக் கலையாமல் உட்கார வைக்க வேண்டும். அந்த வேலை பாட்டுக் குழுவுடையது. பாதி இடங்களில் ஜனங்கள் பாட்டுக்குத்தான் வந்தார்கள், பேச்சு அதற்கப்புறம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரதராஜனின் உத்தி எளிமையானது. புதுசாக வந்து ஹிட் ஆன சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் அரசியலைப் போட்டு நிரப்புவார். மெட்டு ஏற்கெனவே டூரிங் டாக்கீஸிலும் டீக்கடை ரேடியோவிலும் கேட்டுப் பழகியது. கேட்பவர் புதுசாக எதையும் கற்க வேண்டியதில்லை. வார்த்தை மட்டும்தான் புதுசு. ராத்திரி கேட்டவர் மறுநாள் கொழுந்து கிள்ளும்போது முணுமுணுப்பார். துண்டுப் பிரசுரம் படிக்கத் தெரியாதவர்களிடம் கட்சி போய்ச் சேர்ந்தது இந்த வழியாகத்தான். மெட்டு இரவல்தானே என்று இதைச் சிறுசாக நினைக்கக் கூடாது. இன்னொருவர் மெட்டுக்குள் நம்ம ஊர்ப் பேச்சை அளவு பிசகாமல் உட்கார வைத்து, அதில் நக்கலும் சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

தேவிகுளத்தில் என்ன நடந்தது?

1957 ஏப்ரலில் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60. ஆதரவு சுயேச்சைகள் 5 பேர். மொத்தம் 65. ஒன்றிரண்டு இடம் போனாலே ஆட்டம் காணும் அரசு அது. அந்தச் சமயத்தில் தேவிகுளத்தில் ஜெயித்திருந்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிர்த்து நிற்க வந்த பி.கே. நாயரின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தப்பாகத் தள்ளுபடி செய்துவிட்டார் என்பதுதான் காரணம். 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. டெல்லி வரை எல்லோர் கண்ணும் அந்த மலைத் தொகுதி மேல்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேவிகுளம், பீர்மேடு இரண்டும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. 1955-ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் இரண்டு தாலுகாவும் கேரளத்துக்கே என்று சொல்லிவிட்டது. அந்தக் காயம் ஆறாத தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடம்தான் திருவனந்தபுரத்து அரசைக் காப்பாற்ற ஓட்டுக் கேட்க வேண்டும். மலையாளத்தில் பேசினால் எடுபடுமா? மொழிப் பிரச்சினையைத் தாண்டி கூலி, லயம், கங்காணி என்று பேச ஒரு தமிழ் வாய் தேவைப்பட்டது. கீழே இருந்து மேலே வந்தார் வரதராஜன்.

காங்கிரஸின் சின்னம் அப்போது நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. அந்தக் காளைகளைக் கிண்டலடித்து வரதராஜன் கட்டிய பாட்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் பரவியது; இன்றைக்கும் அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசுபவர்கள் அந்தப் பாட்டைச் சொல்லாமல் விடுவதில்லை. ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். வெற்றிக்குக் காரணம் பாவலர்தான் என்று இ.எம்.எஸ்ஸே பாராட்டினார் என்பது பள்ளத்தாக்கில் தலைமுறையாகச் சொல்லிவரும் சேதி. கட்சி அமைப்பும் தொழிற்சங்கமும் இல்லாமல் பாட்டு மட்டும் தேர்தலை ஜெயித்திருக்காது. ஆனால் தமிழ் லயங்களுக்குள் அந்தப் பாட்டு நுழைந்த அளவுக்கு வேறு எதுவும் நுழைந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த அரசு 1959 ஜூலை 31-ல் கலைக்கப்பட்டது தனிக்கதை.

குழுவில் இருந்த சின்னப் பையன்

வரதராஜனின் குழுவில் பதினான்கு வயது வாக்கில் ஒரு பையன் சேர்ந்தான். வீட்டில் ராசய்யா என்று கூப்பிடுவார்கள். இளையராஜா என்று பிற்பாடு உலகம் அறிந்தவர். அண்ணன் ஆண் குரலில் பாட, தம்பி பெண் குரலில் பாடுவார். மேடையில் ஒரு பையனிடமிருந்து அப்படி ஒரு குரல் வந்தால் கூட்டம் எப்படி ரசிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டுக் குழுவின் சின்ன ஸ்டார் அவர்தான்.

இப்படிப்பட்ட பையன்களுக்கு ஒரு கண்டம் உண்டு. மேடைக்காரர்கள் அதை மகரக்கட்டு உடைவது என்பார்கள். பருவ வயதில் குரல் உடைந்து கட்டையாகிவிடும். பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்திலிருந்தே எத்தனையோ பையன்களின் பிழைப்பைக் கெடுத்த விஷயம் இது. சிறு வயதிலேயே கொடிகட்டிப் பறந்த பி.யு. சின்னப்பா குரல் உடைந்ததும் நாடகத்தை விட்டு விலகி, சிலம்பம், உடற்பயிற்சி என்று போய், பிறகுதான் திரும்ப வந்து சினிமாவில் பெரிய நடிகரானார். ராசய்யாவுக்கும் குரல் உடைந்தது. பெண் குரல் போச்சு. அப்போது அவர் பிடித்துக்கொண்டது ஆர்மோனியத்தை.

அதுவும் சும்மா கிடைக்கவில்லை. அண்ணனின் ஆர்மோனியத்தைத் தம்பிகள் தொடக் கூடாது; தொட்டால் அடி. அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகியதை இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். குரல் உடையாமல் இருந்திருந்தால் அந்தப் பையன் பெட்டியின் பக்கம் இத்தனை தீவிரமாகத் திரும்பியிருப்பாரா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

பாஸ்கர், ராசய்யா, அமர் (பின்னாளில் கங்கை அமரன்) என்று தம்பிகள் எல்லோரும் சேர, குழுவுக்குப் பாவலர் பிரதர்ஸ் என்று பேர் நிலைத்தது. ஊர் ஊராகக் கச்சேரி. ஒரு ஊரில் ஒரு பாட்டுக்குக் கூட்டம் ஏன் சிரித்தது, அடுத்த ஊரில் அதே பாட்டுக்கு ஏன் கம்மென்று இருந்தது என்று தம்பிகள் நேரில் பார்த்துப் பழகிய வருடங்கள் அவை. எந்த இசைக் கல்லூரியிலும் இந்தப் பாடம் கிடையாது.

மேடை மாறியது

இதற்கிடையில் அரசியல் மேடையின் கணக்கே மாறிக்கொண்டிருந்தது. 1962 தேர்தலில் தேனி தொகுதியில் தி.மு.க. சார்பில் நின்று ஜெயித்தவர் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன். சினிமா மெட்டை இரவல் வாங்கி வரதராஜன் மேடையேற்றிய அதே வட்டாரத்தில், சினிமா நட்சத்திரமே நேராக மேடையேறிவிட்டார். 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தது. 1967-ல் ஆட்சியே தி.மு.க. கைக்குப் போனது.

தம்பிகளின் கண்ணும் சென்னைப் பக்கம் திரும்பியது. அல்லிநகரத்துக்காரரும், நாடகம் போட்டுக்கொண்டிருந்த நண்பருமான பாரதிராஜா ஏற்கெனவே அந்தக் கனவில் இருந்தார். 1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று வழிச்செலவுக்குக் கொடுத்தார் என்பது ஊரறிந்த கதை. பாவலர் பிரதர்ஸில் பிரதர்ஸ் சென்னையில், பாவலர் ஊரில்.

தம்பிகள் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை என்று அலைந்துகொண்டிருந்தபோது, 1973-ல் வரதராஜன் காலமானார். தம்பி இசையமைத்த ஒரு சினிமாப் பாட்டைக்கூட அவர் கேட்கவில்லை. 'அன்னக்கிளி' வெளியானது 1976-ல். வாழ்நாள் முழுக்க சினிமா மெட்டுகளில் தன் வார்த்தையை ஏற்றிப் பாடியவருக்கு, தன் வீட்டிலிருந்தே மெட்டுகள் கிளம்பி ஊரெங்கும் ஒலித்தபோது கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

குடும்பம் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கியபோது அதற்கு வைத்த பேர் பாவலர் கிரியேஷன்ஸ். பாரதிராஜா இயக்கி, 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' அந்தக் கம்பெனியின் படம். பாட்டுக்காகத் தியேட்டருக்குப் போன லட்சக்கணக்கானவர்கள் முதலில் பார்த்தது அந்தப் பேரைத்தான்.