இடிதாங்கி தந்த பெஞ்சமின் பிராங்க்ளின்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து பிழைத்த எளிய குடும்பத்தில், 1706 ஜனவரி 17 அன்று தந்தையின் பதினைந்தாவது குழந்தையாகப் பிறந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பள்ளியில் பயின்றது இரண்டே ஆண்டுகள். பன்னிரண்டு வயதில் தமையனாரின் அச்சகத்தில் வேலைக்கு அமர்ந்தார்.

மின்னலும் மின்சாரமே என்று கருதிய அவர், அதைச் சோதிக்கும் வழியையும் எழுதினார். அதன்படி 1752 மே 10 அன்று, புதுவையை அந்நாளில் ஆண்ட பிரான்சின் மார்லி கிராமத்தில், மின்சாரம் தரையில் இறங்காதபடி கண்ணாடிப் புட்டிகளின் மேல் 40 அடி இரும்புக் கம்பியை நிறுத்தினர். இடி முழங்கியதும் காவலர் பங்குத்தந்தைக்கு ஆளனுப்பினார். அவர் ஓடுவதைக் கண்ட ஊரார், யாரோ இறந்தார் என்றெண்ணிப் பின்னால் ஓடினர். ஆலங்கட்டி மழையில் அத்தந்தையே கம்பியிலிருந்து பொறியை வரவழைத்தார்!

ஆனால் அடுத்த ஆண்டே ருஷ்யாவில் ரிக்மன் என்ற பேராசிரியர், மண்ணோடு சேராத இத்தகைய கம்பியருகே நின்று மின்னல் தாக்கி மாண்டார்.

சுவருக்கும் கம்பிக்கும் இடையே கண்ணாடி வைக்கவேண்டுமோ என்று பலர் அஞ்சினர். தேவையில்லை என்றார் பிராங்க்ளின். சாதாரண இரும்புக் கொக்கிகளே போதும்; நல்ல வழியான கம்பியை விட்டு மின்னல் சுவருக்குள் பாயாது; கீழ்முனை மட்டும் ஈரமண்ணில் ஆழப் புதைந்திருக்கவேண்டும் என விளக்கினார். இக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. 1790 ஏப்ரல் 17 அன்று, 84-ஆம் வயதில் மறைந்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, மணிக்கூண்டின் உச்சியில் இடிதாங்கி இருந்தால் மட்டும் போதாது. ஐப்பசி மழைக்குமுன், கம்பி அறுபடாமல் மண்வரை இறங்குகிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பது நம் கடமை.